அம்பாசடர் எஞ்சின் இறக்க 2 டன் மடக்கு கிரேன்: வாங்கலாமா?

பழைய அம்பாசடரைப் பிரித்துச் சீரமைக்கும் வேலை எஞ்சின் இறக்கும் கட்டத்துக்கு வந்ததும் செயின் பிளாக்கா (மேலே மாட்டிச் சங்கிலியால் தூக்குவது), கிரேனா என்ற கேள்வி எழும். பல பெயர்களில் விற்கும் 2 டன் ஹைட்ராலிக் மடக்கு கிரேன்கள் ஏறக்குறைய ஒரே அமைப்புதான்: ஆறு சக்கரம், 8 டன் ஜாக், நான்கு துளை வைத்த நீட்டுக்கை. இந்த மதிப்பீடு 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சினை வைத்து எழுதியது.

முதலில் அந்த 2 டன். கை முழுக்க உள்ளே இருக்கும்போது மட்டும்தான் அந்தக் கணக்கு. ஒவ்வொரு துளையாக வெளியே இழுக்க இழுக்க 1500, 1000, 500 கிலோ என்று இறங்கிவிடும். அம்பாசடருக்கு மூக்கு நீளம். கொக்கி எஞ்சினின் நடுவுக்கு நேராக வர வேண்டுமானால் கடைசித் துளைதான். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து 200 கிலோ அளவில் இருக்கும், ஆகவே 500 தாராளம். 1 டன் கிரேனில் அதே துளை வழக்கமாக 250 கிலோதான் தாங்கும். எஞ்சினை வண்டியோடு பிணைக்கும் மவுண்ட் போல்ட் ஒன்றைக் கழற்ற மறந்து, அது இழுத்துப் பிடித்தால் போதும், மிச்சமுள்ள 50 கிலோவும் போய்விடும். விலையைப் பார்த்து 1 டன் வாங்காதீர்கள்.

செயின் பிளாக்கும் நன்றாகத் தூக்கும். ஆனால் மேலே உறுதியான உத்தரம் வேண்டும், எஞ்சின் தொங்கும்போது வண்டியைத்தான் பின்னால் தள்ள வேண்டும். சீரமைப்புக்கு வரும் வண்டி பெரும்பாலும் டயரில் காற்றில்லாமல், பிரேக் ஜாம் ஆகித்தான் நிற்கும். கிரேனின் லாபம் அங்கேதான். கியர் பாக்ஸை வண்டியிலேயே விட்டு எஞ்சினை மட்டும் எடுக்கும்போது, அது நேர்கோட்டில் முன்னால் நகர்ந்து, கியர் பாக்ஸிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டை விட்டு வெளிவர வேண்டும். கியர் பாக்ஸின் முன்பக்கம் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு ஜாக் கொடுங்கள். இல்லாவிட்டால் கியர் பாக்ஸ் கனம் முழுக்க அந்த ஷாஃப்டில் தொங்கி பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். எஞ்சின் மறுபடி ஏறி, கிளட்ச் சரியாக விடாதபோதுதான் அது தெரியவரும்.

எஞ்சினைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் உதவும் லெவலர் பெரும்பாலும் கூட வராது, தனியாக வாங்க வேண்டும். அது இல்லாத கிரேன் பாதிக் கிரேன். ஆனால் லெவலர் உயரத்தைத் தின்னும். செயினை நீளமாக விட்டால் கை உச்சிக்குப் போன பிறகும் சம்ப் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) முன் பேனலைத் தாண்டாது.

கிரேனை வைத்து ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, கிளப்பும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஸ்டட் (ஹெட்டைப் பிடிக்கும் மரைக்கம்பி) வளையும், வண்டி மூக்கோடு எழும்பும், ஹெட் அசையாது. வால்வுகளை அமுக்கும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் 8 நட்டில் 4 நட்டு ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கர்தானே என்று அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் வளையும், தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் சம்ப்பிலும் இறங்கும். ரேடியேட்டரை வடித்துவிட்டு 11 ஹெட் நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அங்குல ஸ்பேனர்தான் வேண்டும். 1/2 அங்குலம் 12.7 மி.மீ.; 13-ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் மாட்டும், ஆனால் துருப்பிடித்த நட்டின் முனையை மழுக்கிவிடும். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகளை அட்டையில் ஓட்டை போட்டு வரிசைப்படி செருகி வையுங்கள். ராக்கரை எடுத்தபின் வால்வு எல்லாம் மூடியிருக்கும். ஹெட் இன்னும் ஒட்டியிருந்தால், நட்டுகளை ஓரிரு மரை மட்டும் பிடிக்கும்படி விட்டு, ஸ்பார்க் பிளக்கை மாட்டி, ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். கம்ப்ரஷனே ஹெட்டைத் தூக்கும். எஞ்சின் சுற்றாவிட்டால் மரச்சுத்தியலால் இரு பக்கமும் தட்டுவதுதான் வழி.

ஹெட் போன பிறகு எஞ்சினைத் தூக்க, எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு ஹெட் ஸ்டட்டில் இரும்புப் பட்டை வைத்து நட்டு போட்டுச் செயினை மாட்டலாம். காற்று, புகைக் குழாய்களைப் பிடிக்கும் மேனிபோல்டு ஸ்டட்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

குறைகளும் உண்டு. புது ஜாக்கில் காற்று இருக்கும். ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்து ஏழெட்டு முறை பம்ப் அடித்தால் சரியாகும். அதே வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்தால் கை மெல்ல இறங்கும், சற்றுக் கூடினால் பொத்தென்று விழும். முதல் நாளே ஒரு கனத்தைத் தொங்கவிட்டு, ராமில் (ஜாக்கிலிருந்து வெளிவரும் தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் சீல் கசிகிறது, உடனே மாற்றிக் கேளுங்கள். சக்கரங்கள் சின்னவை, பெயர்ந்த சிமெண்டுத் தரையில் சிக்கும். எஞ்சினை உயரத்தில் வைத்துக்கொண்டு தள்ளினால் அந்த இடத்தில்தான் கிரேன் கவிழும். வண்டியை விட்டு வெளியே வந்ததும் கால்களுக்குச் சற்று மேலே வரை இறக்கிவிட்டுத் தள்ளுங்கள்.

எஞ்சினைப் பின்பக்கமாகப் பிடிக்கும் ஸ்டாண்டுக்கு மாற்றும் முன், தொங்கும் நிலையிலேயே கிளட்ச்சையும் ஃபிளைவீலையும் கழற்றியாக வேண்டும். எவ்வளவு நேரம் தொங்கினாலும் அடியில் மரக்கட்டை இருக்கட்டும், கை அடியில் போக வேண்டாம். வாங்கும்போது ஜாக்கின் சீல் கிட் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு கடை பாருங்கள்.