மலைக்குளிரில் ஆளைப் பார்த்து வரைய எந்த பேஸ்டல்?

கோவையிலோ சென்னையிலோ இருப்பவர் இதைக் கேட்டால், கைக்கு எது பழக்கமோ அதை எடுங்கள் என்று சொல்லிவிடலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்றால் அந்தப் பதில் போதாது. இங்கே குளிர் குச்சியைக் கெட்டியாக்கும், ஈரம் தாளைத் துவளவைக்கும், மேகம் இறங்கினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தின் வெளிச்சமே மாறிவிடும். சாஃப்ட் பேஸ்டல், ஆயில் பேஸ்டல், பேஸ்டல் பென்சில் மூன்றையும் இந்தத் தொல்லைகளோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். என் ஓட்டு சாஃப்ட் பேஸ்டலுக்கு. அதன் குறைகள் கொஞ்சமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் எது எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். சாஃப்ட் பேஸ்டல் என்பது நிறமித் தூளும் சாக்கட்டி மாதிரி ஒரு நிரப்பியும், குச்சியாக நிற்பதற்கு மட்டும் துளி பிசினும். ஆயில் பேஸ்டலில் நிறமியை மெழுகும் காயாத எண்ணெயும் பிடித்துவைத்திருக்கின்றன. பேஸ்டல் பென்சில் முதலாவதின் தம்பி: கொஞ்சம் கெட்டியான பேஸ்டலை மரத்துக்குள் அடைத்தது. கடையில் மூன்றும் ஒரே தட்டில் இருக்கும். தாளில் வைத்தால் மூன்றும் மூன்று விதம்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறேன், முடிவு செய்வது அதுதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் குன்னூரில் ஒரு ஜன்னலோரம் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். ஆரம்பிக்கும்போது கன்னத்தின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மூக்கின் மறுபக்கம் தெளிவான நிழலாகவும் இருக்கும். பத்து நிமிடத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து ஜன்னலை மூடும். அப்புறம் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், நிழலின் ஓரம் கரைந்துபோகும். மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கோட்டால் சொல்ல வழி இருக்காது. ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் மெல்லப் போவதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பென்சில் தோற்கும் இடம் இது. சாஃப்ட் பேஸ்டலை அகலவாட்டில் படுக்கவைத்து இழுத்தால் நெற்றி முழுக்க இரண்டு இழுப்பில் வந்துவிடும். மேகம் விலகி வெளிச்சம் திரும்பினால், மேலே இன்னொரு நிறம். தப்பாகிவிட்டால் தட்டையான தூரிகையால் தூளைத் தட்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். காயக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் பெரிய வசதி.

அந்த வசதிக்காகவே ஐரோப்பாவில் உயிருள்ள முகங்களுக்கென்று இது புகழ் பெற்றது. வெனிஸைச் சேர்ந்த ஓவியர் ரொசால்பா கரியேரா 1720-இல் பாரிஸ் போய்ச் சிறுவனாக இருந்த அரசன் பதினைந்தாம் லூயியைப் பேஸ்டலில் வரைந்தார். அதற்குப்பின் பிரபுக்கள் வீடுகளில் பேஸ்டல் முகங்கள் ஒரு மோகமாகவே ஆயின. அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு ஓவியர் மொரீஸ் கான்தான் த லா தூர் ஆளைப் பார்த்து முகத்தை மட்டும் வரைந்துவைத்த சோதனைத் தாள்கள் இன்றைக்கும் பாடமாக நிற்கின்றன. தோளும் துணியும் இல்லாமல், கண்ணும் வாயும் மட்டும் உயிரோடு இருக்கும். குளிரில் மாடல் அதிக நேரம் உட்கார மாட்டார் என்பதால், மலையில் வரைபவர்களுக்கு அந்தத் தாள்கள் மற்ற எதையும்விட அதிகம் சொல்லித்தரும்.

இதோடு சேர்ந்து ஒரு ஜன்னல் விஷயம். ஓவியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னல் வெளிச்சம் மாறாது, அதில் வரையுங்கள் என்கின்றன. ஐரோப்பாவுக்கு அது சரி. ஊட்டி கிட்டத்தட்ட 11.4 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 20 தாண்டும் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் காலை, மாலைச் சாய்வெயிலும் வடக்கு ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்கும். மே மாத சீசனில் வடக்கு ஜன்னலை நம்பி உட்கார்ந்தால் மாடலின் காதுமேல் திடீரென்று ஒரு வெயில் பட்டை விழும். மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடுங்கள், போதும்.

இனி ஆயில் பேஸ்டல். இதற்காக வாதாடுவது எளிது. கேம்லின் பெட்டி குன்னூர் மார்க்கெட் பக்கத்து ஸ்டேஷனரி கடையில்கூடக் கிடைக்கும். தூசி பறக்காது. மழையில் பஸ் ஏறி ஒருவர் வீட்டுக்குப் போய் வரைந்துவிட்டுத் திரும்பினாலும் படம் உதிராது. படம் உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே (ஃபிக்ஸடிவ்) வேண்டாம். இத்தனை இருந்தும் குளிரில் அது நம்மைக் கைவிடுகிறது. ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியாக இருக்கும் காலையில் ஆயில் பேஸ்டலைத் தாளில் தேய்த்தால் மெழுகுவத்தி மாதிரி வழுக்கும். ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காது. மெழுகும் எண்ணெயும் வெப்பத்துக்குத் தக்கபடி இளகுபவை, அவ்வளவுதான் காரணம். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1920-களில் இதை முதன்முதலில் விற்றபோது கோடைக்குக் கெட்டியாக ஒரு வகை, குளிர்காலத்துக்கு மென்மையாக ஒரு வகை என்று பிரித்தே செய்தது. நம் கடைக்கு வருவது எல்லா ஊருக்கும் ஒரே வகை. ஸ்வெட்டர் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தால் இளகும். நான்கைந்து குச்சிக்கு அது சரி. இருபத்தைந்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு போர்ட்ரெய்ட் வரைய முடியாது.

பிக்காசோவுக்காக 1949-இல் செனெலியே நிறுவனம் செய்த ஆயில் பேஸ்டல் உதட்டுச்சாயம் போல இளகியது, இந்தக் குளிரிலும் ஓரளவு தாங்கும். விலை கேட்டால் நமக்குத்தான் குளிரெடுக்கும். இன்னொரு சங்கடம், ஆயில் பேஸ்டல் முழுதாகக் காய்வதே இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு தப்பான பச்சை விழுந்துவிட்டால் பிளேடால் சுரண்டத்தான் வேண்டும். முகத்தில் அது எப்போதும் தெரியும். நிதானமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் சால்வை, போர்வை, பின்னால் தெரியும் தேயிலைச் சரிவு என்று பெரிய பரப்புகளுக்கு ஆயில் பேஸ்டல் அழகு. தோடர்களின் சால்வையான புத்துக்குளியின் சிவப்பும் கறுப்புமான பட்டைகள் சாஃப்ட் பேஸ்டலைவிட இதில்தான் அழுத்தமாக நிற்கும். முகத்துக்கு வேண்டாம்.

தோல் நிறம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எந்த வகை வாங்கினாலும் பெட்டியில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குச்சி இருக்கும், நம் ஊர் முகம் எதற்கும் பொருந்தாது. பழுப்புக் குச்சியை மட்டும் வைத்துத் தேய்த்தால் முகம் மரப்பொம்மையாகிவிடும். காவி மஞ்சள், செங்கல் சிவப்பு, ஆலிவ் பச்சை, மங்கிய ஊதா இந்த நான்கும் பழுப்போடு சேர்ந்தால்தான் தோல் வரும். மேகமூட்ட வெளிச்சம் குளிர்ந்தது. வெளிச்சம் படும் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் நீலச் சாம்பல் ஏறும், தாடைக்குக் கீழே நிழலில் செம்மை தெரியும். சாய்வெயிலில் இது தலைகீழ். சாஃப்ட் பேஸ்டலில் ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை லேசாக உரசினால் இரண்டும் தெரியும், கண் அவற்றைக் கலந்துகொள்ளும். விரலால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்துபவர்கள் இந்த ஒரு லாபத்தையும் இழந்துவிடுகிறார்கள்.

சரி, பென்சிலுக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. இரண்டு நிமிட, ஐந்து நிமிட போஸ்களில் அதை மிஞ்ச ஆளில்லை. தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்று பிடிக்க ஒரு செங்காவிப் பென்சில் போதும். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களை வரையலாம். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரையுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நீண்ட போர்ட்ரெய்ட்டிலும் கண் இமை, உதட்டு ஓரம் என்று கடைசிச் சில இடங்களுக்கு அது வேண்டும். ஷார்ப்னரில் சீவினால் உள்ளே உடைந்துகொண்டே போகும். பிளேடால் சீவி, நுனியை உப்புத்தாளில் தேய்ப்பதே நல்லது.

இனி சாஃப்ட் பேஸ்டலின் பெரிய குறை: தூசி. சமவெளியில் ஜன்னலைத் திறந்து வைத்துவிடலாம். இங்கே திறந்தால் மாடல் நடுங்குவார். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் இலை பறித்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் எனக்காக உட்காருவார். “தம்பி, கழுத்து புடிச்சிக்கிச்சு, ஜன்னல சாத்து” என்பார். சாத்தினால் தூசி அறைக்குள்ளேயே சுற்றும். கரிக் கணப்பை உள்ளே கொண்டுவந்து கதவை மூடுவது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும். கம்பி பழுக்கும் ஹீட்டர் வைத்தால் வேறு தொல்லை: அதன் ஆரஞ்சு ஒளி முகத்தின் ஒரு பக்கத்தைத் தங்கமாக்கிவிடும், நாம் அதையும் நம்பி வரைந்துவிடுவோம். எண்ணெய் ஹீட்டர் ஒளி தராது. நான் செய்வது எளியது. பாட்டிக்குக் கம்பளி, கையில் கட்டஞ்சாயா. இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் எழுந்து நடக்கச் சொல்வேன், அந்த ஐந்து நிமிடமும் ஜன்னல் திறந்திருக்கும். நாற்காலிக் கால்களையும் அவர் பாதத்தையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவைத்தால் அதே இடத்துக்குத் திரும்பலாம். பலகையை லேசாக முன்னால் சாய்த்து வைத்தால் தூள் கீழே விழும். வாயால் ஊதவே கூடாது. காட்மியம் கலந்த நிறங்கள் உண்டு என்பதால் முகக்கவசம் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். வேலை முடிந்தால் தரையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் வேண்டாம்.

தாளில் பெரிய விவாதம் இல்லை. கான்சன் மி-தாந்த் 160 ஜிஎஸ்எம்மில் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரிக் குழிகளோடும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருக்கும்; முகத்துக்கு வழவழப்பான பக்கம். வெள்ளைத் தாளைவிட நடுத்தரச் சாம்பலோ மங்கிய பழுப்போ நல்லது, பாதி வேலையைத் தாளே செய்துவிடும். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்துத் துவண்டால் நிறம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். சமையலறை அடுப்புக்கு மேல் அலமாரியில் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தால் மொறுமொறுப்பாகவே இருக்கும்.

முடிந்த படத்தைக் காப்பதில் மட்டும் ஆயில் பேஸ்டல் ஜெயிக்கிறது. சாஃப்ட் பேஸ்டலில் ஃபிக்ஸடிவ் அடித்தால் வெளிர் நிறங்கள் இருண்டுவிடும். ஈரக் காற்றில் அடித்தால் வெண்படலம் விழவும் வாய்ப்புண்டு. அடிக்காமல் விட்டால் உதிரும். படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாமல் ஃபிரேம் போடுவதுதான் வழி. ஈரமான சுவரில் மாட்டினால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும், அதற்குத் தாளும் பிசினும் போதிய தீனி. ஃபிரேம் போடும்வரை பட்டர் பேப்பர் நடுவில் வைத்துத் தட்டையாக வையுங்கள்.

போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வரைந்தால் இத்தனை பாடும் வேண்டாமே என்பார்கள். போன் கேமரா நிழலைத் தானாகவே வெளுக்கவைத்துவிடும். மேகம் சூழ்ந்த முகத்தில் நாம் தேடும் அந்தச் சன்னமான செம்மை அதில் காணாமல் போயிருக்கும். சால்வையின் மடிப்பை முடிக்க வேண்டுமானால் போட்டோ உதவும்.

வாங்குவதற்குப் போகிறவர்களுக்கு: முங்யோவின் அரைக்குச்சி செட்டில் நிறம் அதிகம், விலை தாங்கும், முகத்துக்கு அந்த அளவே வசதி. அதோடு வெளிர் நிறங்களுக்கு நல்ல மென்மையான குச்சிகள் இரண்டோ மூன்றோ தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆயில் பேஸ்டல் வீட்டில் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும். பேஸ்டல் பென்சிலை செட்டாக வாங்க வேண்டாம். கறுப்பு, வெள்ளை, செங்காவி, அடர் பழுப்பு நான்கையும் ஒற்றை ஒற்றையாக, கோவை போகும்போதோ ஆன்லைனிலோ வாங்கிவிடலாம்.