சிங்களச் சொல் மனதில் நிற்க: அட்டைப் பெட்டியா, சந்தைப் பேச்சா?

போன வருடம் சிங்களப் பரீட்சைக்கு ஆயத்தமாக வேண்டி வந்தபோது எனக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, பிரிஸ்டல் போர்ட்டைத் துண்டுகளாக வெட்டிச் சொற்களை எழுதி, சப்பாத்துப் பெட்டியில் அடுக்கித் தினமும் புரட்டுவது. மற்றது, திருமலைச் சந்தையிலும் கொழும்பு பஸ்ஸிலும் ஆட்களோடு பேசிப் பிடிப்பது. "சந்தைக்குப் போ தம்பி, மூன்று மாதத்தில் வந்துவிடும்" என்றுதான் கந்தோரில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டையும் செய்து பார்த்த பிறகு நான் அட்டைப் பக்கம்தான்.

சந்தையின் நன்மைகள் தெரிந்தவைதான். கூச்சம் போகும், காது பழகும். கடய, சல்லி மாதிரித் தமிழோடு ஒட்டிய சொற்களுக்கு ஒரு முறையுமே தேவையில்லை, கேட்டதும் பிடிபடும். உச்சரிப்பில் மட்டும் சந்தைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் கொப்பியில் 'கன்ன' என்றால் சாப்பிட, இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு 'கன்ன', அதற்கு வாங்க. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கந்தளாய்ப் பக்கமிருந்து கத்தரிக்காய் கொண்டுவரும் வியாபாரி ஒருவர், தராசில் காயை வைத்தபடியே அவற்றை மெதுவாகச் சொல்லிக் காட்டினார். சாப்பிடுவதற்கு 'கல்'லில் வரும் க, வாங்குவதற்கு 'தங்க'த்தில் வரும் க. அதற்குப் பிறகு அந்தச் சோடி எனக்குக் குழம்பவே இல்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. படித்த சொல்லை யார் பார்த்துக்கொள்வது? சந்தையில் 'எவ்வளவு' என்று கேட்கும் 'கீயத' ஒரு காலைக்குள் பத்துத் தடவை காதில் விழும். 'லிபினய' என்ற முகவரியும் 'அத்சன' என்ற கையொப்பமும் 'உப்பென்ன சஹதிகய' என்ற பிறப்புச் சான்றிதழும் எப்போது வரும்? எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய காரியம், மூளை அவ்வளவு நாள் பொறுக்காது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதன் பிறகுதான் மறதி மெதுவாகிறது. புதுச் சொல்லை முதலில் பற்றிக்கொள்வது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி. அது மூளையின் வெளிப்படலமான புறணியில் ஊன்றுவதற்கு நாட்களும் நல்ல தூக்கமும் வேண்டும், இடையிடையே நாமே அதை நினைவிலிருந்து இழுத்து எடுக்கவும் வேண்டும்.

இழுத்து எடுப்பது என்றால் திரும்ப வாசிப்பது அல்ல. உளவியலாளர்கள் கார்பிக்கியும் ரோடிகரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல் ஒரு தடவை சரியாக வந்த பிறகும் அதில் தங்களைச் சோதித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 80 வீதம் அளவு நினைவிருந்தது. சோதிப்பதை நிறுத்திவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு மூன்றிலொரு பங்கு அளவுதான். கொப்பியை நான் எத்தனை இரவு வாசித்தேன் என்று நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

ஜெர்மன் மொழியில் எழுதிய செபஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய பெட்டி முறையைத்தான் பின்பற்றுகிறேன். பெட்டிக்குள் ஐந்து அறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறை தினமும், கடைசி அறை மாதம் ஒருமுறை. எனக்கு நாளுக்கு இருபது நிமிடம், விடியற்காலைத் தேத்தண்ணியோடு. ஒழுங்காகச் செய்தால் சரி, விட்டால் கஷ்டம். மழை வெள்ளத்தில் எட்டு நாள் தவறவிட்டு, 140 அட்டைகள் சேர்ந்து நின்றன. ஒரு கிழமை புதுச் சொல்லே சேர்க்காமல் அவற்றைத்தான் தீர்த்தேன். சந்தையில் இந்தத் தலையிடி இல்லை. ஆனால் எந்தச் சொல் கைவிட்டுப் போனது என்று அங்கே சொல்லவும் ஆளில்லை, பெட்டி முதல் அறையில் வைத்துக் காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'வம', 'தகுண' என்று இடதையும் வலதையும் ஒரே நாளில் எழுதினேன், ஓட்டோக்காரருக்கு வழி சொல்லும்போது இன்றும் தடுமாறுகிறேன். ஒரே இனச் சொற்களைக் கூட்டமாகப் படித்தால் கற்பது தாமதமாகும் என்று ஆய்வாளர் டிங்காம் 1993-லேயே காட்டியிருக்கிறார். இனச்சொற்களை இரண்டு கிழமை இடைவெளி விட்டுச் சேருங்கள்.

அட்டை உங்களைத் தமிழிலேயே கட்டிவைக்கும் என்று ஒரு குறை சொல்வார்கள். தொடக்கத்தில் உண்மைதான், புதுச் சொல்லில் இருந்து பொருளுக்குத் தாய்மொழிச் சொல் வழியாகவே போகிறோம், பழகப் பழக நேர்வழி பலப்படும் என்பது ஆய்வாளர்கள் குரோலும் ஸ்டுவர்ட்டும் 1994-இல் முன்வைத்த கருத்து. எனக்கு 'அத்சன' இப்போது கையொப்பம் என்ற சொல்லைக் கேட்காமலே வருகிறது. ஆனால் எட்டு மாதமும் 900 அட்டையும்தான் என் அனுபவம். வேகமாகப் பேசும் கூட்டத்தில் இன்னும் பின்தங்குகிறேன், அங்கே பெட்டி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு இதைச் செய்து பார்த்ததும் இல்லை.

சந்தையை விடவில்லை. சனிக்கிழமை போகும்போது சட்டைப் பையில் வெற்று அட்டைகள் நாலு இருக்கும், காதில் விழுந்த சொல் அன்றிரவே பெட்டிக்குள் போகும். போன கிழமை பஸ் கொண்டக்டர் 'லேஸ்தி' என்றார், 'தயார்' என்று பொருள். அது இரண்டு தடவை தவறி, இன்னும் முதல் அறையில்தான் கிடக்கிறது.