6,800 யென் போச்சு: பழைய சிங்கிள் சிடி வாங்குகிறவர்கள் கவனிக்க

நேற்று இரவு 6,800 யென்னைத் தொலைத்தேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

ஜப்பானிய சிம்போனிக் மெட்டல் (ஆர்கெஸ்ட்ரா கலந்த ஹெவி மெட்டல் இசை) கேட்பவர்களுக்கு வெர்சாய் இசைக்குழுவைத் தெரிந்திருக்கும். 2009 ஜூன் 24 அன்று வந்த 'அசென்டெட் மாஸ்டர்', பெரிய இசை நிறுவனத்தில் அவர்களுடைய முதல் சிங்கிள், அதாவது ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட வெளியீடு. ஒன்றரை மாதத்தில், ஆகஸ்ட் 9 அன்று, குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஜாஸ்மின் யூ இறந்துபோனார். அதனாலேயே டிவிடியோடு வந்த பதிப்புக்காக ரொம்ப நாளாக அலைந்துகொண்டிருந்தேன்.

டோக்கியோ நிஷி-கசாயில் இருக்கிறேன். பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் கிடைத்தது. பெயர் வேண்டாம். நாம் கட்டும் பணத்தைச் செயலிக்காரர்களே வைத்திருந்து, பொருள் வந்துவிட்டது என்று நாம் பொத்தானை அழுத்திய பிறகுதான் விற்றவருக்குக் கொடுப்பார்கள். அதுதான் என் தைரியம்.

பார்சலைப் பிரித்தால் குமிழி உறை, உள்ளே கையால் எழுதிய நன்றிச் சீட்டு, ஓரத்தில் பேனாவால் வரைந்த குட்டி ரோஜா. அட்டையைச் சுற்றும் ஓபி பட்டைகூடக் கிழியவில்லை. இவ்வளவு பதவிசாகக் கட்டியவரா ஏமாற்றுவார்? "வந்துவிட்டதா? சீக்கிரம் அழுத்தினால் உதவியாக இருக்கும்" என்று செய்தி வேறு. சரி என்று அழுத்தினேன். 'நல்லவர்' என்று மதிப்பீடும் கொடுத்தேன்.

அப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன். சிடி அசல். டிவிடியைத் திருப்பினால் அடிப்பக்கம் ஊதா! வீட்டில் காப்பி அடித்த டிஸ்க்குக்குத்தான் அந்த நிறம். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு மூலையில் பிரிந்துகொண்டிருக்கிறது.

விற்றவரைக் கேட்டால், "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது." அதோடு சரி, பேச்சே இல்லை. செயலிக்காரர்களிடம் போனால், "பரிவர்த்தனை முடிந்துவிட்டது, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்." படத்தோடு மறுபடி எழுதினேன். அதே பதில், கூடுதலாக இரண்டு 'மன்னிக்கவும்'. பணிவுக்குக் குறைச்சலில்லை, 6,800 யென் மட்டும் வரவில்லை.

வாங்குவது எப்படி என்று விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. டிஸ்க்கின் அடிப்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களே, டிவிடி எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கு மண்டல எண் உண்டு; ஜப்பானுக்கு 2, நம்மூருக்கு 5, உங்கள் பிளேயரில் ஓடுமா என்று பாருங்கள். எல்லாவற்றையும் பிரித்து, போட்டுப் பார்க்கும்வரை அந்தப் பொத்தானில் கை வைக்காதீர்கள். நான் கொடுத்த 'நல்லவர்' இன்னும் அவர் கணக்கில்தான் இருக்கிறது. மாற்ற முடியாதாம்.