நேரலை வகுப்பா, குரல் செய்தியா: பிள்ளைகள் எதில் கேள்வி கேட்கிறார்கள்?

மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆன்லைனில் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் எடுக்கிறேன். கூகுள் மீட் நேரலையிலும் கேள்வி கேட்கச் சொல்லிப் பார்த்தேன், வாட்ஸ்அப் குரல் செய்தியிலும் பார்த்தேன். இப்போது பாடம் நடத்த மட்டும் மீட். கேள்விகள் முழுக்க வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டன.

நேரலையின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடனே பதில் சொல்லலாம், திரையில் வரைந்து காட்டலாம். டேட்டா கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: பிள்ளைக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம். "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன. பிள்ளைகளே கேட்கும் கேள்விகளும் கூடின. நேரடி வகுப்பிலேயே இப்படி. மீட்டில் மைக்கைப் போட்டு, அத்தனை பேர் காதிலும் விழப் பேச வேண்டிய பிள்ளைக்கு 3 விநாடி எங்கே போதும்? குரல் செய்தி என்றால் கேள்வி ராத்திரி வரை ஊறலாம். வயலுக்குப் போன அப்பா போனோடு வீடு திரும்பிய பிறகும் அனுப்பலாம்.

மேட்டூர் திறந்த சமயம், கடைமடையிலிருந்து ஒரு மாணவி அனுப்பியது: "சார், தண்ணி மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துடுது. அங்கேருந்து எங்க வாய்க்காலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாளாகுது?" நான் பதில் சொல்லவில்லை. பெயர் போடாமல் கேள்வியை எழுதி எல்லோருக்கும் அனுப்பி, "இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் சேர்த்தேன். ஒரு பையன் வாய்க்கால் கரையில் 10 மீட்டர் அளந்து, தேங்காய் மட்டைத் துண்டை மிதக்கவிட்டு நேரம் பார்த்து அனுப்பினான். அதையும் எல்லோருக்கும் அனுப்பினேன். பார்த்த இன்னொருத்தி, "இது மேல ஓடுற வேகம்தானே சார், அடியிலயும் இதே வேகமா?" என்றாள். அந்த இடத்தில்தான் நான் உள்ளே வந்தேன். தரையின் உராய்வால் அடித்தண்ணீர் மெதுவாக ஓடும். அதனால் மேற்பரப்பு வேகத்தைச் சுமார் 0.85ஆல் பெருக்கித்தான் சராசரி வேகம் எடுப்பார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுவது, காய்ந்து கிடந்த மணல் தண்ணீரை இழுத்துக்கொள்வது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவந்த பதில்களும் சேர்ந்தன. இத்தனையும் நேரலையின் கடைசிப் பத்து நிமிடத்தில் நடக்கிற காரியமா?

வேலை அதிகம் என்பது உண்மை. ஒவ்வொரு செய்தியையும் கேட்டு எழுத வேண்டும். பதில் இரண்டு நாள் தள்ளிப்போனால் கேள்வி வருவதும் குறைந்துவிடுகிறது. குழுவில் எண் எல்லோருக்கும் தெரியும் என்று பெண்பிள்ளைகளின் வீட்டில் தயங்கினார்கள். அதனால் குழுவே இல்லை, ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்தான். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. என் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தால்தான் செய்தி வந்து சேரும், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கணக்குக்கு இது சரிப்படுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. படிப்படியாகப் போட்டுக் காட்ட நேரலையே தேவலை என்று தோன்றுகிறது. சின்ன வகுப்புகளுக்கும் நான் எடுத்ததில்லை.

நேரலையை விட முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். கடைசி ஐந்து நிமிடம் யாரும் பேசாமல், ஆளுக்கொரு கேள்வியை நோட்டில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பை அதில் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.