பியர் ஓஜே ஆய்வகத்தின் திறந்த தரவு: பிளஸ் டூ வகுப்பில் பயன்படுத்திய அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகம் தன் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் அதிவேகத் துகள்கள்) அளவீடுகளில் 10 விழுக்காட்டை 2021-ல் இணையத்தில் திறந்துவிட்டது. கட்டணம் கிடையாது. பிளஸ் டூ ஆசிரியர்கள் அனைவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

அந்த ஆய்வகம் 3,000 சதுர கிலோமீட்டர், நம் மாவட்டத்தில் பாதிக்கும் மேல். 1,600-க்கும் அதிகமான தண்ணீர்த் தொட்டிகள், ஒவ்வொன்றும் 12,000 லிட்டர். விண்ணிலிருந்து வரும் ஒரு துகள் காற்றில் மோதிப் பல துகள்களாகப் பெருகிக் கொட்டும் 'துகள் மழை'யை இவை பதிவுசெய்கின்றன. ஒன்றுக்குப் பின் 20 சுழி போட்ட அளவு எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) கொண்ட துகள், ஒரு சதுர கிலோமீட்டரில் நூறு ஆண்டுக்கு ஒன்று விழுந்தாலே அதிகம். அதனால்தான் இவ்வளவு பரப்பு.

இறக்கிய தரவுப் பட்டியலை எக்செல்லில் திறந்து, ஆற்றலுக்கு எதிராக எண்ணிக்கையை மடக்கை அளவில் வரையச் சொன்னேன். கோடு செங்குத்தாகச் சரிகிறது. 5-க்குப் பின் 18 சுழி அருகே சரிவு கொஞ்சம் தணிகிறது, அதைவிடப் பத்து மடங்கில் மறுபடி சடாரென விழுகிறது. வழியில் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சோடு (பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் பரவியிருக்கும் ஒளி) மோதி ஆற்றல் கரைகிறதா, அனுப்பும் மூலங்களுக்கே அவ்வளவுதான் சக்தியா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒரு மாணவி ஒரு வரிசையைக் காட்டி, "டீச்சர், இது புரோட்டானா, இரும்பா?" என்று கேட்டாள். இந்தத் தரவின் மதிப்பே அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆற்றலுக்குத் தனிப் பத்தி உண்டு, துகளின் பெயருக்குக் கிடையாது. இரும்பு அணுக்கருவின் ஆற்றலை அதிலுள்ள 56 நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான்கள்) பங்கிட்டுக்கொள்வதால் அதன் துகள் மழை வளிமண்டலத்தில் உயரத்திலேயே உச்சம் தொடும். அதே ஆற்றலுள்ள புரோட்டானுடையது இன்னும் கீழே இறங்கும். ஆனால் மழைக்கு மழை ஏற்ற இறக்கம் இருப்பதால் ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது, சராசரிதான் பேசும். 2-க்குப் பின் 18 சுழி வாக்கில் வரும் துகள்களின் கலவை மிக இலேசானது, அதற்கு மேல் போகப்போகக் கனமாகிறது. உச்ச ஆழத்தை அளக்கும் தொலைநோக்கிகள் நிலவில்லாத தெளிந்த இரவுகளில்தான் இயங்கும், ஆகவே அந்த வரிசைகள் குறைவு. பொறுமையாக அதில் நேரம் செலவிடுங்கள்.

மிகுந்த ஆற்றலுள்ள 100 நிகழ்வுகளின் தனிப் பட்டியலும் உண்டு. அதில் முதலிடம் 2019 நவம்பரில் வந்தது. ஒற்றைத் துகளில் சுமார் 27 ஜூல், ஒரு கிலோ எடையை இரண்டரை மீட்டருக்கு மேல் தூக்கப் போதும்! கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளைகள் நம்பவே இல்லை.

விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் கலைச்சொற்களைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கோப்பை வீட்டிலேயே இறக்கிப் பென் டிரைவில் கொண்டு போய்விடுங்கள். அப்புறம், 1965-ல் பக்கத்துக் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் காஸ்மிக் கதிர்களால் பிறந்த நியூட்ரினோ (எதையும் எளிதில் ஊடுருவும், மின்னூட்டமற்ற நுண்துகள்) பதிவானதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய உண்டு.