ஸ்டென்டைக் குறை சொல்ல மாட்டேன், வைக்கிற அவசரத்தைச் சொல்வேன்

"ஸ்டென்ட் வைத்து அஞ்சு வருஷம் ஆச்சு, மறுபடி அடைக்குமா?" என்று கேட்ட நண்பருக்காக எழுதுவது இது. ஸ்டென்ட் என்பது இதயக் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் உலோக வலைக்குழல்.

அடைக்கலாம். ஆனால் பழைய கணக்கு இல்லை. 1977-ல் சூரிச்சில் டாக்டர் குரூன்ட்சிக் தொடங்கிவைத்த, ஸ்டென்ட் இல்லாமல் பலூனால் மட்டும் குழாயை விரிக்கும் முறையில், ஆறே மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குழாய் மறுபடி சுருங்கியது. மருந்து பூசிய ஸ்டென்டில் முதல் வருஷம் அது நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. காயம்பட்ட சுவரில் தசைச் செல்கள் பெருகி உள்ளே மண்டுவதை சிரோலிமஸ் வகை மருந்து அடக்கிவைக்கிறது. அருமையான சரக்கு. லட்சத்தைத் தாண்டி விற்றதை 2017 பிப்ரவரியில் அரசு 29,600 ரூபாய்க்கு இறக்கியதும் நல்ல காரியம்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். மறு அடைப்பு என்று வருகிறவர்களில் பலருக்கு ஸ்டென்ட் முதல் நாளே முழுசாக விரிந்திருக்காது. சுண்ணாம்பு படிந்த குழாயை முன்கூட்டி உடைக்காமல் வைத்தால், 3 மி.மீ. ஸ்டென்ட் 2 மி.மீ.-லேயே நின்றுவிடும். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ரத்தம் போகும் பரப்பு 7 சதுர மி.மீ.-லிருந்து 3-க்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் லேசாகத் திசு வளர்ந்தாலே நெஞ்சுவலிதான். ஆஞ்சியோ படத்தில் இது பெரும்பாலும் தெரியாது, அது வெறும் நிழல். குழாய்க்குள்ளேயே மெல்லிய கதீட்டர் விட்டு, ஐவஸ் (ஒலியலைப் படம்) அல்லது ஓசிடி (ஒளிப்படம்) எடுத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஐவஸில் ஸ்டென்டின் உள்பரப்பு குறைந்தது 5.5 சதுர மி.மீ. வர வேண்டும் (இடது பிரதான குழாய்க்கு இன்னும் அதிகம்). அந்தக் கதீட்டருக்குத் தனிச் செலவு. அதனால் விட்டுவிடுகிறார்கள்.

சர்க்கரை நோய், 2.5 மி.மீ.-க்கும் சிறிய குழாய், நீளமான ஸ்டென்ட், கிளை பிரியும் இடம், இவையும் காரணம்தான். வருஷங்கள் கழித்து வருவது வேறு வகை: ஸ்டென்டுக்குள்ளேயே புதிதாகக் கொழுப்பு படிவது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை நிறுத்தியவர்கள் கவனிக்கவும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும்.

மறுபடி அடைத்தால் உடனே இன்னொரு ஸ்டென்ட் என்று தலையாட்டாதீர்கள். முதலில் உள்ளே பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விரியாததென்றால் அதிக அழுத்தம் தாங்கும் பலூன். அதற்கும் சுண்ணாம்பு உடையாவிட்டால், அதிர்வலையால் அதை உடைக்கும் பலூன். திசு வளர்ச்சியென்றால் பேக்ளிடாக்சல் மருந்து பூசிய பலூனே பலருக்குப் போதும். உலோகம் இரண்டடுக்கு ஆகாது. பழைய ஸ்டென்டின் அளவும் நீளமும் உள்ள அட்டை, ஆஞ்சியோ சிடி இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

மாரடைப்பு நேரத்தில் இதெல்லாம் பேசிக்கொண்டிருக்க முடியாது, ஸ்டென்ட் உயிர் காக்கும். ஆனால் நடந்தால் மட்டும் வலி, மாத்திரைக்கு அடங்குகிறது, இடது பிரதான குழாயும் இதய இயக்கமும் நன்றாக இருக்கிறது என்றால்? 2007-ல் கரேஜ், 2020-ல் இஸ்கீமியா, இரண்டு ஆய்விலும் ஸ்டென்ட் ஆயுளைக் கூட்டவில்லை. இத்தனை புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: ஐவஸ் இல்லாமல் அவசரமாக வைப்பதென்றால், என் ஓட்டு மாத்திரைக்குத்தான்.