எடை போடாத பரிசோதனை: நான்கு ஆண்டு அனுபவம்

மூத்த நாய், பூனைகளுக்கான ஆண்டுச் சந்தாத் திட்டத்தின் கட்டணத்தை நாங்கள் செல்லும் மருத்துவமனை 4,800 ரூபாயிலிருந்து 3,900 ரூபாயாகக் குறைத்திருக்கிறது. தம் ஒன்பது வயது நாயை அதில் சேர்க்கலாமா என்று எதிர்வீட்டு அம்மா சென்ற வாரம் என்னிடம் கேட்டார். 2021 முதல் அதே திட்டத்தில் என் நாயையும் பூனையையும் காட்டி வந்தவன் நான் என்றாலும், வாசலில் நின்றபடி அவருக்கு ஒரு சொல்லில் விடை சொல்ல என்னால் இயலவில்லை.

ஆறு மாதத்திற்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை, பல், காது, இதயத் துடிப்பு, ஆண்டுக்கு ஒரு முறை தடுப்பூசி என்பதெல்லாம் எல்லா இடத்திலும் உள்ளவைதாம். அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. என் கருப்பன், ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட மறுமாதம், 2012 ஜனவரியில், தேவனாம்பட்டினம் சாலையோரத்தில் கிடைத்த நாட்டு நாய். 2023 மழைக்காலத்தில் அவன் வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தபோதே, முறைப்படி எடுத்த இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 90,000 ஆகக் குறைந்திருந்தது தெரிந்தது. இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய எண்ணிக்கை அது. உண்ணியால் பரவும் எர்லிக்கியா கிருமிதான் காரணம். மூக்கில் இரத்தம் வடியும் நிலைக்குப் போகுமுன்பே, 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரையில் அவன் தேறினான். அந்தப் பரிசோதனை இல்லாவிட்டால் அவனை இழந்திருப்பேன் என்றே இன்றும் நம்புகிறேன்.

என் மனக்குறையும் அதே நாளில்தான் தொடங்கியது. அந்த மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 10 மில்லிகிராம். மருத்துவர் கருப்பனை ஒரு முறை பார்த்துவிட்டு, "25 கிலோ இருப்பானா, சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாததால், இருப்பான் என்றேன். பிறகு எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையின் எலக்ட்ரானிக் தராசில் ஏற்றிப் பார்த்தபோது 19.4 கிலோ காட்டியது. அதற்குள் ஒரு வாரம் வாந்தி எடுத்திருந்தான். வெறும் வயிற்றில் கொடுத்தால் சரியான அளவிலும் வாந்தி உண்டாக்கக்கூடிய மருந்து என்பதால், எடையில் நேர்ந்த பிழையை மட்டுமே குற்றம் சொல்ல முடியாது. எடையைச் சொன்னதும் மருத்துவர் அளவை உடனே திருத்தினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த மருத்துவமனையில் தராசு இருக்கிறது. வரவேற்பறை மூலையில், அதன் மேல் தீவனப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் எட்டு முறை சென்றிருக்கிறேன். எட்டு முறையும் எடையைக் கேட்டார்கள்; ஒரு முறையும் எடை போடவில்லை.

பூனையின் கதை இதைவிட என்னை வருத்துகிறது. சின்னுவுக்கு இப்போது 12 வயது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அதன் இரத்தத்தில் 1.3, 1.4, 1.5 என்று ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக ஏறி வந்தது. ஆய்வகத் தாளில் 2.4 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்ததால், ஒவ்வொரு முறையும் "நார்மல்" என்று சொல்லி அனுப்பினார்கள். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் அந்த எண் இயல்பு எல்லையைத் தாண்டும் என்பதும், அதற்கு நெடுநாள் முன்பே பூனையின் உடல் எடை இறங்கத் தொடங்கிவிடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. கருப்பனை எடை போட்ட அன்றிலிருந்து சின்னுவையும் கூடையோடு மாதந்தோறும் அதே தராசில் வைத்து, கூடையின் எடையைக் கழித்து நோட்டில் எழுதி வந்தேன். கடைக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "போன மாசத்துக்கு நூறு கிராம் குறைஞ்சிருக்கு, சார்" என்று எனக்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். 4.6 கிலோவாகத் தொடங்கிய பூனை ஓராண்டில் 3.9 கிலோவுக்கு வந்திருந்தது. எழுநூறு கிராம்தானே என்று தோன்றலாம். 60 கிலோ மனிதர் ஒருவர் 9 கிலோ இளைப்பதற்கு அது சமம். நீண்ட மயிருள்ள பூனை என்பதால் கண்ணுக்கு அந்த இளைப்பு தெரியவில்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு புதுச்சேரியில் வேறொரு மருத்துவரிடம் சென்றேன். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கும் ஊர் என்பதால், அங்கே தேடினால் பொறுமையான மருத்துவர் கிடைப்பார் என்ற நம்பிக்கை இருந்தது. அவர் முதலில் எடை போட்டார். பிறகு ஒரு துளி சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்தார்; சிறுநீரகம் தளர்ந்தால் அது குறையும். பூனைக்கு 1.035க்கு மேல் இருக்க வேண்டியது 1.018 இருந்தது. கிரியேட்டினின் 1.9. இரத்த அழுத்தம் 180. அது 160க்கு மேல் நீடித்தாலே கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை, சிறுநீரக நோய்க்கான உணவு, வீட்டில் மூன்று இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் என்று இப்போது சின்னு நலமாக இருக்கிறது. எடை 4.1 கிலோவில் நிற்கிறது.

நியாயமாகக் கணக்குப் பார்த்தால், கருப்பன் உயிரோடு இருப்பதற்கு அந்த 4,800 ரூபாய்த் திட்டம்தான் காரணம் என்பதால், நான் அதை எவருக்கும் பரிந்துரைக்க வேண்டும். ஆயினும் இந்த ஆண்டு நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. கட்டணம் பாதியாகக் குறைந்தாலும் புதுப்பிக்க மாட்டேன். ஒரு நிமிடமும் ஒரு ரூபாயும் செலவில்லாத செயலை எட்டு முறை செய்யாமல் விட்டவர்களிடம் சின்னுவை மீண்டும் கொண்டுசெல்ல எனக்கு மனம் வரவில்லை.

எதிர்வீட்டு அம்மாவிடம், ஆறு மாதப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், ஆனால் தராசின் மேல் பெட்டி அடுக்காத இடமாகப் பாருங்கள் என்று சொன்னேன். சனிக்கிழமை மாலை அவருடைய நாயைப் பழைய பேப்பர் கடைக்கு அழைத்துச் சென்றோம். 22.8 கிலோ. அதைத் தேதியோடு ஒரு புதிய நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.